ஒரு புள்ளியும் ஒரு பாட்டியும் – வீடியோ காலுக்கு ஏன் சொந்த முகவரி வேணும்?

டிஸ்கி: கொஞ்சம் டெக்னிக்கலான பதிவு. ஆனா கம்ப்யூட்டர் ஆளுங்களுக்கு மட்டும்னு எழுதலை. சொந்தமா ஒரு டொமைன் வெச்சிருக்கற, வெச்சுக்கலாமான்னு யோசிக்கற எல்லாருக்கும்தான். நடுவுல ரெண்டு பத்தி தலைவலியா இருந்தா தாண்டிப் போயிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன் :-)

முதல்ல கொசுவத்தியைச் சுத்திடறேன்.

கோவைப் பக்கம் ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியில சர்வர், நெட்வொர்க், பிரிண்டர்ல சிக்கின பேப்பர்னு எல்லா ஆணியையும் புடுங்கறது என் வேலை. மலைமேல எங்களுக்குச் சின்னதா ஒரு கிளினிக் இருக்கு. வியாழக்கிழமை காலையில சென்னையிலேர்ந்து ஒரு நரம்பியல் டாக்டரம்மா வீடியோ கால்ல வந்து அங்க இருக்கற நோயாளிகளைப் பார்ப்பாங்க. அவங்க வேலை செய்யறது வேற ஒரு ஆஸ்பத்திரி. அவங்களுக்குத் தனி சர்வர், எங்களுக்குத் தனி சர்வர். அவங்க தன்னோட மெஷின்ல எங்க முகவரியை டயல் பண்ணினா மலைமேல இருக்கற டிவியில முகம் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

ஒரு புதன்கிழமை ராத்திரி நான் சர்வரைப் பழைய மெஷின்லேர்ந்து புதுசுக்கு மாத்தினேன். டிஎன்எஸ்ல ரெண்டு வரியை மாத்தினேன். மலைமேல கூப்பிட்டுப் பார்த்தேன், நல்லா வந்துச்சு. கீழ்த்தளத்துக்குக் கூப்பிட்டேன், வந்துச்சு. வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு நர்ஸ் போன். "சார், சென்னை கால் வரவே இல்ல. டாக்டரம்மா பத்து தடவை டயல் பண்ணிட்டாங்களாம்."

அன்னிக்கு முதல் நோயாளி எழுபது வயசைத் தாண்டின ஒரு பாட்டி. பார்க்கின்சன்ஸ். ரெண்டு பஸ் மாறி, அதுக்கப்புறம் நடந்து, பேரன் கூட்டிட்டு வந்திருக்கான். அவனுக்கு அன்னிக்குக் கூலி போச்சு. மாத்திரை அளவைக் கூட்டறதா வேண்டாமான்னு அன்னிக்கு முடிவு பண்ணணும். அதுக்குப் பாட்டி எந்திரிச்சு நாலடி நடக்கறதையும், கை நடுங்கறதையும் டாக்டர் கண்ணால பார்க்கணும். லேண்ட்லைன்ல ஸ்பீக்கர் போட்டுப் பேசினோம். "நடையைப் பாக்காம நான் டோஸை மாத்த மாட்டேன்"னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அவங்க சொன்னது சரிதான். மொபைல்ல வாட்ஸ்அப் வீடியோ போட்டுப் பார்த்தோம். மலைமேல அன்னிக்கு சிக்னல் ரெண்டு கோடு, பாட்டி முதல் அடி எடுத்து வெச்சதோட படம் உறைஞ்சு நின்னுடுச்சு. கிளினிக்குக்கு எங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து ரேடியோ லிங்க் மட்டும்தான், அதுல வெளி இன்டர்நெட் கிடையாது. நாங்க சென்னைக்குக் கூப்பிடலாம்னா, அவங்க சர்வர் வெளியிலேர்ந்து வர்ற காலை எடுக்காது. அப்படித்தான் அங்க பூட்டி வெச்சிருக்காங்க.

நாலு மணி பஸ்ஸுக்குப் பாட்டி கிளம்பிட்டாங்க. போகும்போது நர்ஸ்கிட்ட, "பரவால்ல கண்ணு, அடுத்த வாரம் பொட்டி பேசுமில்ல?"ன்னு கேட்டுட்டுப் போனாங்களாம். அதைக் கேட்டப்புறம் எனக்கு ராத்திரி சோறு இறங்கலை.

என்ன தப்புன்னு பதினொரு மணிக்கே கண்டுபிடிச்சிட்டேன். ஒரே ஒரு புள்ளி. அதுக்குள்ள போறதுக்கு முன்னாடி, ஒரு வீடியோ கால் எப்படி வழி கண்டுபிடிக்குதுன்னு சொல்லிடறேன்.

கால் எப்படி வீடு தேடி வருது?

நீங்க ஒருத்தருக்கு ஈமெயில் அனுப்பறீங்க. அவர் எந்த கம்பெனியோட மெயில் சேவை வெச்சிருக்கார்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா? கேக்கத் தேவையில்லை. அவரோட டொமைன் பேரைச் சொல்லி, "இந்த வீட்டுக்குக் கடுதாசி வந்தா எந்த வாசல்ல போடணும்?"னு உங்க மெயில் சர்வர் டிஎன்எஸ்கிட்ட கேக்குது. எம்எக்ஸ்னு ஒரு ரெக்கார்ட் பதில் சொல்லுது. 1986லேயே இந்த விதிமுறையை எழுதிட்டாங்க. இன்னிக்கும் அதேதான்.

வீடியோ காலுக்கும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. பேரு எஸ்ஆர்வி. 2000 பிப்ரவரியில வந்த ஆர்எஃப்சி 2782 அதோட சட்டப் புத்தகம். 2002 ஜூன்ல சிப் நெறிமுறையோட இன்றைய வடிவம் (ஆர்எஃப்சி 3261) வந்தப்ப, கூடவே ஆர்எஃப்சி 3263 வந்துச்சு. ஒரு சிப் முகவரியைக் கொடுத்தா எந்த சர்வரைப் போய்த் தட்டணும்னு படிப்படியாச் சொல்றதுதான் அதோட மொத்த வேலை.

உதாரணத்துக்கு 'நரம்பு@நம்மஆஸ்பத்திரி.இன்'னு ஒரு முகவரின்னு வெச்சுக்கோங்க (சும்மா வெச்ச பேரு, தேடாதீங்க). சென்னை சர்வர் இதைப் பார்த்ததும் @க்குப் பின்னாடி இருக்கற பேரை மட்டும் எடுத்துக்கும். முதல்ல என்ஏபிடிஆர்னு ஒரு ரெக்கார்ட் இருக்கான்னு பார்க்கும். அது எந்த வகை இணைப்பு வேணும்னு சொல்ற ரெக்கார்ட். இல்லைன்னா எஸ்ஆர்வியைக் கேக்கும். அதுவும் இல்லைன்னா அந்த டொமைனோட சாதாரண ஐபி முகவரியைக் கேட்டு, வழக்கமான போர்ட்ல தட்டிப் பார்க்கும். நம்ம ஊர்ல டொமைனோட சாதாரண ஐபி எங்க போகும்? வெப்சைட்டுக்கு! அங்க போய் வீடியோ கால் தட்டினா யார் திறப்பா?

எஸ்ஆர்வி வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

_சிப்ஸ்._டிசிபி.நம்மஆஸ்பத்திரி.இன். – 10 60 5061 வீடியோ.நம்மஆஸ்பத்திரி.இன்.

முன்னாடி இருக்கற கீழ்க்கோடு, இது ஏதோ மெஷின் பேர் இல்ல, ஒரு சேவையோட பேர்னு காட்டறதுக்கு. அடுத்து வர்ற 10 முன்னுரிமை. எண் சின்னதா இருந்தா முதல்ல அங்க போ. 20ன்னு இன்னொரு வரி போட்டா, முதல் சர்வர் படுத்துட்டா அங்க போகும். 60 எடை. ஒரே முன்னுரிமையில ரெண்டு சர்வர் இருந்து, ஒண்ணுக்கு 60, இன்னொண்ணுக்கு 40ன்னு போட்டா கால்கள் அந்த விகிதத்துல பிரியும். 5061 போர்ட், குறியாக்கம் செஞ்ச சிப்புக்கு உரியது. கடைசியில சர்வரோட பேர்.

இவ்வளவுதான். ஒரே வரியில வாசல் எங்க, மாற்று வாசல் எங்க, எத்தனையாவது கதவுன்னு எல்லாம் வந்துடுது. என் பையன் விளையாடற மைன்கிராஃப்ட் கூட எஸ்ஆர்வி பார்த்துதான் சர்வரைத் தேடுது. புள்ளைங்க விளையாட்டுக்கு இருக்கற வசதி நோயாளிக்கு இருக்கக் கூடாதா?

அந்தப் புள்ளி

மேல இருக்கற வரியில கடைசிப் புள்ளியைப் பாருங்க. வாக்கியம் முடிஞ்சதுக்கு வெச்ச புள்ளி இல்ல அது. "இதோட பேர் முடிஞ்சுது, இதுக்கு மேல எதையும் ஒட்டாதே"ன்னு அர்த்தம். அந்தப் புள்ளி இல்லைன்னா டிஎன்எஸ் சர்வர் ரொம்ப உதவியா, நம்ம டொமைனைத் தானாவே பின்னாடி ஒட்டிக்கும். நான் புதன்கிழமை ராத்திரி புள்ளியை விட்டுட்டேன். அதனால என் சர்வரோட பேர் 'வீடியோ.நம்மஆஸ்பத்திரி.இன்.நம்மஆஸ்பத்திரி.இன்' ஆயிடுச்சு. உலகத்துல இல்லாத ஒரு பேர்.

மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டுன்னு தொல்காப்பியமே சொல்லுது. நம்ம ஊர்ல மூணாங்கிளாஸ்ல புள்ளி விட்டா வாத்தியார் கையில அடிப்பார். எனக்கு அந்த அடி இந்த வயசுல விழுந்துச்சு.

நான் டெஸ்ட் பண்ணப்ப மட்டும் ஏன் வேலை செஞ்சுது? இதை இந்த வேலை செய்யற எல்லாரும் ஒரு தடவையாவது அனுபவிச்சிருப்பாங்க. மலைமேல இருக்கற பெட்டியும் கீழ்த்தளப் பெட்டியும் ஏற்கெனவே என் சர்வர்ல பதிவானவை. அவங்களுக்குள்ள பேசிக்க டிஎன்எஸ் தேவையே இல்ல. வீட்டுக்குள்ளேயே நின்னுக்கிட்டு வாசக்கதவு திறந்திருக்கான்னு கேட்ட மாதிரி ஆச்சு. வெளியில போய்த் தட்டிப் பார்த்திருக்கணும்.

சரி, பதினொரு மணிக்குப் புள்ளியை வெச்சுட்டேனே, அப்புறம் ஏன் கால் வரலை? அதுக்குப் பேரு டிடிஎல். ஒரு டிஎன்எஸ் பதிலை எத்தனை வினாடி ஞாபகம் வெச்சுக்கலாம்னு நாமதான் சொல்றோம். நான் 86400னு போட்டிருந்தேன். அதாவது 24 மணி நேரம். சென்னை சர்வர் பத்து மணிக்குத் தப்பான பதிலை வாங்கிட்டுப் போய், மறுநாள் பத்து மணி வரைக்கும் அதையே கட்டிக்கிட்டு அழுதுச்சு. அங்க இருக்கற அட்மின் அந்த ஞாபகத்தை அழிச்சிருந்தா அஞ்சு நிமிஷத்துல சரியாகியிருக்கும். அவர் அன்னிக்கு லீவு.

தப்பு முழுக்க என்னோடது. பாட்டிக்கு ஒரு வாரம் பழைய டோஸ். அடுத்த வியாழக்கிழமை டாக்டரம்மா நடையைப் பார்த்து அளவை மாத்தினாங்க. பேரனுக்கு இன்னொரு நாள் கூலி போச்சு.

"இதெல்லாம் தேவையா?"

வெள்ளிக்கிழமை மீட்டிங்ல நிர்வாகத்துலேர்ந்து நியாயமான ஒரு கேள்வி வந்துச்சு. "தம்பி, ஊர் உலகம் பூரா ஒரு லிங்கை அனுப்பி, அமுக்கினா பேசறாங்க. நமக்கு எதுக்கு இந்த சொந்த சர்வர், சொந்த முகவரி, புள்ளி, கோலம் எல்லாம்?"

இந்தப் பதிவே அந்தக் கேள்விக்குப் பதில்தான். அன்னிக்கு எனக்கு இவ்வளவு கோர்வையாச் சொல்ல வரலை.

முதல் காரணம், நாங்க ஏற்கெனவே ஒரு தடவை சூடு பட்டவங்க. சொந்த சர்வருக்கு முன்னாடி, ஒரு நிறுவனத்தோட வாடகைச் சேவையைத்தான் வெச்சிருந்தோம். பேர் வேண்டாம். நல்லாத்தான் ஓடிச்சு. கிளினிக் முகவரியை நோயாளிச் சீட்டுல அச்சடிச்சு, சுவர்ல ஒட்டி, மத்த ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் கடிதம் போட்டு வெச்சிருந்தோம். ஒருநாள் "இந்தச் சேவையை நிறுத்துகிறோம், தொண்ணூறு நாள்"னு ஒரு மெயில். அவ்வளவுதான். சீட்டு, சுவர், கடிதம் மூணும் குப்பை. ஏன்னா அந்த முகவரியில @க்குப் பின்னாடி இருந்தது அவங்க பேர், எங்க பேர் இல்ல.

இது எங்களுக்கு மட்டும் நடந்த கதையா? பதிவுலக மக்களே, உங்களுக்குச் சொல்லணுமா என்ன! 2009 அக்டோபர்ல ஜியோசிட்டீஸ் மூடிச்சு. 2014 செப்டம்பர்ல ஆர்குட். 2019 ஏப்ரல்ல கூகுள் பிளஸ். எத்தனை தமிழ்க் குழுமம், எத்தனை விவாதம், எத்தனை சண்டை அதோட போச்சு! 2020ல பிளாக்ஸ்பாட்.இன் பேர் கூகுள் கையை விட்டே போயிடுச்சு. அந்த முடிவோட பகிர்ந்து வெச்சிருந்த பழைய சுட்டிகளை அமுக்கினா பதிவு வராத நிலைமை. அப்பல்லாம் தப்பிச்சது யாரு? ரெண்டாயிரங்கள்லேயே வருஷத்துக்குச் சில நூறு ரூபா கட்டி சொந்த டொமைன் வாங்கி வெச்சவங்க. வீடு மாத்தினாங்க, விலாசம் மாத்தலை.

வீடியோ காலுக்கும் நான் கேக்கறது அதே ஒண்ணுதான். எந்த சர்வர் வேணா வெச்சுக்கோங்க, சொந்தமோ வாடகையோ. @க்குப் பின்னாடி உங்க பேர் இருக்கட்டும்.

வாசல் வெச்சவங்களும் சாத்தினவங்களும்

கூகுள் டாக் ஞாபகம் இருக்கா? 2005 ஆகஸ்ட்ல வந்துச்சு. 2006 ஜனவரியில மத்த சர்வர்களுக்குக் கதவைத் திறந்து விட்டாங்க. எக்ஸ்எம்பிபி நெறிமுறை. அதுவும் எஸ்ஆர்வி பார்த்துதான் அடுத்த வீட்டைத் தேடும். நீங்க உங்க டொமைன்ல ஒரு குட்டி சர்வர் போட்டா ஜிமெயில்ல இருக்கற நண்பரோட அரட்டை அடிக்கலாம். 2013ல ஹேங்அவுட்ஸ் வந்தப்ப அந்தக் கதவு அதுல இல்ல. 2022 நவம்பர்ல ஹேங்அவுட்ஸே இல்ல.

2010 ஜூன்ல ஃபேஸ்டைமை அறிமுகப்படுத்தினப்ப, இதை எல்லாரும் பயன்படுத்தற பொதுத் தரமா ஆக்கப் போறோம்னு ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில சொன்னார். நடக்கலை. 2003ல வந்து உலகத்துக்கே இன்டர்நெட்ல பேசக் கத்துக் கொடுத்த ஸ்கைப், 2025 மே 5ஆம் தேதி மூடினாங்க. அதுல இருந்த ஐடியை இப்ப யார்கிட்ட கொடுத்து என்ன பண்ண?

இவங்க எல்லாரும் வில்லன்னு நான் சொல்லலை. கம்பெனிங்க அவங்க கணக்கைப் பார்க்கறாங்க. ஆனா நம்ம கணக்கை நாமதான் பார்க்கணும். ஐரோப்பாவுல இதைச் சட்டமாவே போட வேண்டியதாயிடுச்சு. அங்க டிஜிட்டல் சந்தைச் சட்டப்படி 2023 செப்டம்பர்ல வாட்ஸ்அப், மெசஞ்சர் ரெண்டையும் பட்டியல்ல சேர்த்தாங்க. மத்த சேவைகள் கேட்டா முதல்ல செய்தி, அப்புறம் நாலு வருஷத்துக்குள்ள குரலும் வீடியோவும் கூட ஒத்துப் போகணும்னு விதி. 2002லேயே ஆர்எஃப்சியில எழுதி வெச்ச விஷயத்தை, இருபது வருஷம் கழிச்சு சட்டம் போட்டுக் கெஞ்ச வேண்டியிருக்கு!

எதிர்க்கட்சி சொல்றதும் நியாயம்தான்

'பாதுகாப்பு என்ன ஆகறது?' இதுதான் முதல் கேள்வி. உண்மையான கவலை. சிப் சர்வரை இன்டர்நெட்ல வெச்ச அன்னிக்கே தட்ட ஆரம்பிச்சிடுவானுங்க. 100, 1000, 1001னு எண்ணா டயல் பண்ணிக்கிட்டே இருப்பானுங்க. அதுல ஒரு பிரபலமான கருவி தன் பேரையே 'ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்'னு சொல்லிக்கிட்டு வரும். நல்ல ஃப்ரெண்டு! உங்க சர்வர் வழியா வெளிநாட்டு எண்ணுக்குப் போன் போட்டு பில்லை உங்க தலையில கட்டறதுதான் பல பேரோட நோக்கம். ராத்திரி ரெண்டு மணிக்கு யாருமில்லாத அறையில டிவி தானா மணியடிச்சு, வாட்ச்மேன் பேய்னு பயந்த கதையெல்லாம் எங்ககிட்ட உண்டு.

ஆனா இவனுங்க எஸ்ஆர்வி பார்த்து வர்றதில்ல. ஐபி எண்களை வரிசையாத் தட்டிக்கிட்டே வர்றவனுங்க. நீங்க எஸ்ஆர்வி போட்டாலும் போடாட்டியும் வருவானுங்க. நாங்க செஞ்சது மூணு வேலை. 5060ஐ வெளியில மூடிட்டு 5061 மட்டும். வெளியிலேர்ந்து வர்ற கால் வீடியோ அறைகளுக்கு மட்டும்தான் போகலாம், டெலிபோன் லைன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. எங்க டொமைன் பேரைச் சொல்லாம வெறும் ஐபியைச் சொல்லிக் கூப்பிட்டா அங்கேயே வெட்டு. இந்த மூணுக்கப்புறம் பேய் வரலை.

ரெண்டாவது கேள்வி, 'கஷ்டமா இருக்கே'. ஆமா. முதல் தடவை கஷ்டம்தான். எங்க வீட்டுல முன்வாசல்ல கமாய்லியோ, உள்ள ஃப்ரீஸ்விட்ச். ரெண்டுக்கும் லைசென்ஸ் காசு கிடையாது, என் தூக்கம்தான் செலவு. என்னென்ன அடி வாங்கினேன்னு சுருக்கமாச் சொல்லிடறேன், அடுத்து வர்றவங்களுக்கு உதவும்:

1. இது எங்க டொமைன்னு சர்வர்கிட்டயே சொல்ல மறந்துட்டேன். வந்த காலை வெளியூர்க் கால்னு நினைச்சு, டிஎன்எஸ்ல வழி கேட்டு, தன் வாசல்லயே தானே போய்த் தட்டி, மறுபடி வழி கேட்டு... சிப்ல ஒரு கால் வழக்கமா 70 தடவை கை மாறலாம்னு வரம்பு உண்டு. அது தீர்ந்ததும் 483னு பிழை. விதி ரொம்ப எளிசு: நம்ம டொமைனா, உள்ள அனுப்பு. வேற டொமைனா, டிஎன்எஸ்ல கேட்டு அனுப்பு. இந்த வரிசை மாறக் கூடாது.

2. எஸ்ஆர்வி கடைசியில இருக்கற சர்வர் பேர் புனைபேரா (சிநேம்) இருக்கக் கூடாது. நேரா ஐபி சொல்ற பேரா இருக்கணும். சில சர்வர் இதைக் கண்டுக்காது, சில சர்வர் கறாரா மறுத்துடும். 'சிலருக்கு வருது, சிலருக்கு வரலை'ன்னு புகார் வந்தா முதல்ல இதைப் பாருங்க.

3. சர்ட்டிபிகேட்ல சர்வர் பேர் மட்டும் இருந்தாப் போதாது. கூப்பிடறவர் @க்குப் பின்னாடி டயல் பண்ற டொமைன் பேரும் இருக்கணும். டிஎன்எஸ் சொன்ன பேரை நம்பாம, பயனர் சொன்ன பேரைத்தான் சரிபார்ப்பாங்க. யோசிச்சுப் பார்த்தா அதுதான் நியாயம்.

4. முகவரிக்குப் பின்னாடி யாராவது போர்ட் எண்ணைச் சேர்த்து டயல் பண்ணினா எஸ்ஆர்வியைப் பார்க்கவே பார்க்காது. சீட்டுல அச்சடிக்கும்போது எண்ணைச் சேர்க்காதீங்க.

5. சர்வர் மாத்தறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே டிடிஎல்லை 300க்கு இறக்குங்க. எல்லாம் சரியான பிறகு ஏத்திக்கலாம்.

6. மாத்தின பிறகு வெளியில இருக்கற ஒரு டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பாருங்க. 'டிக்' கட்டளைல 8.8.8.8 இல்ல 1.1.1.1ன்னு சொல்லிக் கேட்டா, ஊர் என்ன பார்க்குதுன்னு தெரியும். மொபைல் டேட்டாவுல ஒரு சிப் செயலி போட்டு ஒரு தடவை கூப்பிட்டும் பாருங்க. அப்புறம் தூங்கப் போங்க.

மூணாவது கேள்வி, 'யார் இப்ப இப்படி டயல் பண்றாங்க?' நம்மை மாதிரி வீட்டுல உட்கார்ந்து பேசறவங்களுக்கு லிங்க் போதும், ஒத்துக்கறேன். நானே பாப்பா பிறந்தநாளுக்கு லிங்க் அனுப்பறவன்தான். ஆனா சுவர்ல மாட்டின டிவி, கேமரா, ஒரே ஒரு பட்டன், அதை அமுக்க ஒரு நர்ஸ்னு இருக்கற இடத்துல தினம் ஒரு லிங்க்கும் பாஸ்வேர்டும் வேலைக்கு ஆகாது. கோர்ட், கல்லூரி, ஆஸ்பத்திரின்னு ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தைக் கூப்பிடற இடத்துல நிலையான முகவரி வேணும். லிங்க் கம்பெனிகளுக்கும் இது தெரியும். ஜூம்ல கூட சிப் பெட்டிகள் நுழையறதுக்குத் தனிக் கதவு வெச்சிருக்காங்க, தனி லைசென்ஸோட.

அப்புறம் என்ன ஆச்சு?

அந்த மீட்டிங்ல எனக்கு மூணு மாசம் டைம் கொடுத்தாங்க. ரெண்டாவது மாசமே பரீட்சை வந்துடுச்சு. லைன் கொடுக்கறவங்க ஐபி எண்ணை மாத்தினாங்க. அதே சமயம் சர்வரையும் வேற இடத்துக்கு நகர்த்த வேண்டியதாச்சு. ரெண்டு நாள் முன்னாடி டிடிஎல் 300. பழைய சர்வரை 20னு கீழ தள்ளி, புதுசை 10னு மேல வெச்சேன். புள்ளியை மூணு தடவை பார்த்தேன். வீட்டம்மாவைக் கூப்பிட்டு நாலாவது தடவை பார்க்கச் சொன்னேன். "ரெண்டு புள்ளி இருக்கு, கோலம் நல்லா இருக்கு"ன்னாங்க. மொபைல் டேட்டாவுலேர்ந்து கூப்பிட்டேன், வந்துச்சு.

வியாழக்கிழமை பத்து மணி. சென்னைக் கால் வந்துச்சு. நோயாளிச் சீட்டுல அதே முகவரி. சுவர்ல அதே முகவரி. மத்த ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு கடிதம் கூடப் போடலை. மலைமேல நர்ஸுக்கோ சென்னையில டாக்டரம்மாவுக்கோ எதுவும் மாறினதே தெரியாது. வாடகைச் சேவை நின்னப்ப எங்களுக்கு நாலு மாசம் ஆச்சு, எல்லாருக்கும் புது முகவரி போய்ச் சேர. இந்தத் தடவை அஞ்சு நிமிஷம்.

என் கட்சி இதுதான். சொந்த முகவரி வெச்சா தப்பே நடக்காதுன்னு சொல்ல மாட்டேன், நானே சாட்சி. ஆனா அந்தத் தப்பு என் கையில இருந்துச்சு. ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சேன், திருத்தினேன், திரும்ப நடக்காம பார்த்துக்கிட்டேன். அடுத்தவன் கடையைச் சாத்தினா நான் எந்தப் புள்ளியை வெச்சுத் திறக்க?

அதனால ஆஸ்பத்திரி, கல்லூரி, அரசு அலுவலகங்கள்ல வீடியோ வசதி வாங்கற நிலையில இருக்கறவங்க யாராவது படிச்சீங்கன்னா, டெண்டர்ல ஒரே ஒரு வரி சேர்த்துடுங்க: 'எங்கள் டொமைன் பெயரிலேயே முகவரி இருக்க வேண்டும், வெளியிலிருந்து வரும் கால்கள் டிஎன்எஸ் வழியே வந்து சேர வேண்டும், நாங்களும் அதே வழியில் மற்றவர்களைக் கூப்பிட முடிய வேண்டும்.' மூணாவது பாதி முக்கியம். சென்னை ஆஸ்பத்திரி வாசல் ஒரு பக்கம்தான் திறக்கும்னு இல்லாம இருந்திருந்தா, அன்னிக்கு நாங்களே கூப்பிட்டிருப்போம். என் புள்ளி போனது பாட்டிக்குத் தெரிஞ்சே இருக்காது.

அந்தப் பாட்டி இப்பவும் மாசம் ஒரு தடவை வர்றாங்க. போன தடவை நான் கேபிள் மாத்த மேல போயிருந்தப்ப, நர்ஸ் என்னைக் காட்டி, "இவர்தான் பாட்டி பொட்டியைப் பாத்துக்கறவரு"ன்னு சொன்னாங்க. பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "அன்னிக்குப் பேசாமப் போச்சே, அதுவும் நீதானா சாமி?"ன்னாங்க.

ஆமாங்க பாட்டி, நானேதான்.

பி.கு: சொந்த டொமைன்ல சிப் முகவரி வெச்சிருக்கற பதிவர்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல கையைத் தூக்குங்க. ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுப் பார்ப்போம். வரலைன்னா முதல்ல புள்ளியைப் பாருங்க :-)